டேவிஸின் பெண், பிரேமஜாவின் முகம்

திருச்சூரில் நுண்கலைக் கல்லூரியில் படித்த காலத்தில், மாணவர்கள் மாஷ் என்று கூப்பிடும் சிற்பத் துறை ஆசிரியர் ஒருநாள் மாணவர்கள் களிமண்ணில் செய்து வைத்திருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிரேமஜாவின் பலகை முன்னால் நின்று, "சரியா இருக்கு" என்றார். அடுத்த பலகை டேவிஸுடையது. அதன் முன்னால் சற்று நின்றார். தாடியைத் தடவிக்கொண்டு தன்பாட்டுக்குச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

மாஷ் போனதும் பிரேமஜா அளவுகோலை எடுத்துக்கொண்டு டேவிஸின் தலையை அளந்து பார்த்தாள். ஒரு காது மேலே, ஒரு காது கீழே. கழுத்து தோளில் சரியாக உட்காரவேயில்லை. நெற்றி அரை விரற்கடை கூடுதல். இத்தனை தப்பு இருந்தும் அந்தத் தலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. உள்ளே யாரோ இருப்பதுபோல இருந்தது. அவளுடைய தலையில் ஒரு தப்பும் இல்லை, ஆளும் இல்லை. அன்றைக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டது, அதற்குப் பிறகு ஒரேயடியாக அணையவில்லை.

இத்தனைக்கும் இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்கள். சாலக்குடிக்காரனான டேவிஸ் யாரோடும் சிரித்துப் பேசிவிடுவான். கடன் வாங்கிய பூச்சுக் கரண்டியைத் திருப்பித் தரமாட்டான், ஆனால் கேட்டால் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவான். பிரேமஜா வடக்கே, பையனூருக்கும் அப்பால், வடக்கேகடவு என்ற சின்னக் கடலோர ஊரிலிருந்து வந்தவள். அப்பா குஞ்ஞம்பு பூச்சு வேலைக்காரர். சாந்தைக் கையில் எடுத்தாலே அதில் மணல் ஏறிப்போயிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியும். கல்லூரியில் அவளைப்போல உழைத்தவர் யாருமில்லை. டேவிஸ் மதியம் வரைக்கும் தூங்குவான். எழுந்து வந்து ஒரு மணி நேரம் களிமண்ணைப் பிசைவான். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிடும்.

படிப்பு முடிந்ததும் பிரேமஜா ஊருக்குத் திரும்பி, அரசுப் பள்ளியில் ஓவிய டீச்சர் ஆனாள். அரசு பஸ் கண்டக்டர் சுரேந்திரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு மகள் பிறந்தாள், அமேயா. விடுமுறை நாட்களிலும் சாயங்காலங்களிலும் சிலை வேலை நடந்தது. கட்சி ஆபீஸ் வாசலில் தியாகிகளின் மார்பளவுச் சிலைகள், வாசகசாலைகளில் அவற்றைத் தொடங்கியவர்களின் சிலைகள், பஸ் நிலையத்தில் பத்திரிகை படிக்கும் ஒரு தொழிலாளி. சிலை திறக்கும் அன்று செத்துப்போனவரின் வீட்டுக்காரர்கள் வந்து நின்று கண்ணைத் துடைப்பார்கள். "பிரேமஜா டீச்சர் செஞ்சா ஆள் அப்படியே எழுந்து வந்த மாதிரி இருக்கும்" என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படியே என்ற அந்த ஒரு சொல் ஒவ்வொரு தடவையும் அவள் காதில் மாஷின் குரலில் விழுந்தது.

டேவிஸோ வேலை எதிலும் சேரவில்லை. கொச்சியில் ஒரு பூங்காவில் ஆள் உயரத்துக்கு ஒரு காது செய்து வைத்தான். பிள்ளைகள் வரிசையில் நின்று அதற்குள் ரகசியம் சொன்னார்கள். ஏதோ அணைக்கட்டுத் தோட்டத்தில் மல்லாந்து படுத்துக் காலை உதைக்கும் யானை ஒன்று செய்தான். ஜெர்மனிக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் படம் வரும். சுரேந்திரன் காலைச் சாயாவோடு உட்கார்ந்து, "பிரேமே, நம்ம டேவிஸ்" என்று பக்கத்தை விரித்துக் காட்டுவார். அவள் எட்டிப் பார்த்து, "ம், நல்லா இருக்கு" என்பாள். அவர் டூட்டிக்குப் போனபிறகு அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்காருவாள். எங்கே தப்பு என்று தேடுவாள். தப்பு நிறைய இருக்கும். அதில் ஒரு பிரயோஜனமும் இராது.

பிறகுதான் வடக்கேகடவு நகரசபை கடற்கரையில் ஒரு பெரிய சிற்பம் வைக்கத் தீர்மானித்தது. உள்ளூரில் வேறு யார் இருக்கிறார்கள்? பிரேமஜா ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து சின்ன மாதிரி ஒன்று செய்தாள். வலை இழுக்கும் அப்பன், கூடையோடு அம்மா, இடுப்பைப் பிடித்து நிற்கும் குழந்தை. நகரசபைத் தலைவி நளினாக்ஷி அதை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாதம் ஒன்று கழிந்து பள்ளிக்கூடத்துக்கே நேரில் வந்தார்.

கமிட்டிக்காரர்கள் புதுமாதிரியாக ஏதாவது வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். பிரேமஜா டீச்சரின் வேலையைப் பற்றி யாருக்கும் குறை இல்லை என்றார். ஆள் யார் என்று அவர் சொல்வதற்கு முன்பே பிரேமஜாவுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே போன் வந்தது. "பிரேமீ, உன் ஊருக்கு வரேன். எனக்கு லாட்ஜ் எல்லாம் வேணாம். உன் வீட்டுத் திண்ணையோ கோலாயி வராந்தாவோ, எங்கயாவது ஒரு பாய் போட்டுக் குடு, போதும்."

தானும் அதற்கு மாதிரி கொடுத்திருந்தது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலிருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்னறையைக் கழுவி, கட்டில் போட்டு வைத்தாள்.

டேவிஸ் வந்தான். வந்த இரண்டாம் நாளே வீடு அவனுடையதாகிவிட்டது. சுரேந்திரன் டூட்டி இல்லாத நாட்களில் அவனைக் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போய்க் கல்லுமக்காய்ச் சிப்பி பெயர்த்து எடுத்து வருவார். இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து ஓட்டை உடைத்துக்கொண்டே பாட்டுப் பாடுவார்கள். கல்யாணமான இத்தனை வருடத்தில் சுரேந்திரன் பாடி அவள் கேட்டதில்லை. அமேயா பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கடாசிவிட்டு டேவிஸோடு களிமண்ணில் உட்கார்ந்துவிடுவாள். அம்மாவிடம் ஒருநாளும் களிமண் கேட்டிராத பெண். டேவிஸ் அவளுக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அவனும் செய்தான், அவளும் செய்தாள், அவ்வளவுதான். பிரேமஜா வாசற்படியில் நின்று, "கைய நனச்சுக்கோடி, வெடிச்சிடும்" என்று சொன்னால் மகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கடற்கரையில் சாரம் கட்டி, கம்பி வளைத்து, வலை சுற்றி, சாந்து ஏற ஏற, வேலை என்னவென்று ஊருக்குப் புலப்பட்டது. ஒரு பெண். கடலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தாள். ஒரு வீட்டைவிட நீளமாக இருந்தாள். முழங்காலை மடக்கியதில் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே ஒரு குகை மாதிரி இடம் விழுந்தது. அதற்குள் ஒரு பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். உடம்பில் துணி இல்லை. ஆனால் நிர்வாணம் என்றும் சொல்ல முடியாது. மணல்மேட்டைப் பார்த்தால் பெண்போலத் தோன்றுமே, அந்த மாதிரி. முகம் மட்டும் ஆகவில்லை. டேவிஸ் வைத்தான், செதுக்கி எறிந்தான், மறுபடி வைத்தான், மறுபடி எறிந்தான்.

பிரேமஜா பள்ளிவிட்டு அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வருவாள். இடதுபக்க ஜன்னலில் கடல். அவள் வலதுபக்கம் உட்காரப் பழகிக்கொண்டாள்.

முணுமுணுப்பு முதலில் கடற்கரைக்கு நடக்க வரும் பெரியவர்களிடமிருந்து கிளம்பியது. குடும்பத்தோடு வருகிற இடம், பிள்ளைகள் பார்க்கிற இடம் என்றார்கள். அப்புறம் ஒரு சங்கம் மனுக் கொடுத்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் நகரசபையில் எழுந்து நின்றார்கள். டேவிஸ் எல்லோரிடமும் சிரித்துப் பேசினான். மனுக் கொடுத்தவர்களிடமே பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டான். கொஞ்சநாளில் அடங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருநாள் காலையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுரேந்திரன் மகளிடம் விளையாட்டாக, அம்மா செய்யும் சிலை நல்லதா, மாமன் செய்யும் சிலை நல்லதா என்று கேட்டார். அமேயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாவோடது போட்டோ மாதிரி இருக்கும். மாமனோடது கனவு மாதிரி இருக்கும்" என்றாள். சுரேந்திரன், "அடி சக்கை" என்று தொடையைத் தட்டினார். டேவிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பிரேமஜாவின் தட்டில் இன்னொரு துண்டுப் புட்டு எடுத்து வைத்தான். அவன் சிரித்திருந்தால் அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அன்று மத்தியானம் ஒரு பத்திரிகை நிருபர் பள்ளிக்கூட வராந்தாவில் காத்திருந்தான். இந்த ஊர் சிற்பி, அதிலும் ஒரு பெண், கடற்கரைச் சிலையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டான். பிரேமஜா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள். பிறகு, "ஒரு பெண்ணாக் கேட்டீங்கன்னா... நான் அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்" என்றாள்.

அதில் பொய் ஒன்றுமில்லை. அவளால் அப்படிச் செய்திருக்கவே முடியாது. ஆனால் "ஒரு பெண்ணாக் கேட்டீங்கன்னா" என்ற அந்த முன்பாதி அவசியமே இல்லாதது. அது வாயிலிருந்து விழும்போதே எங்கே போய்த் தைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

மறுநாள் அவள் படத்தோடு வந்தது. பெண் சிற்பியே எதிர்ப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் நகரசபை வேலையை நிறுத்தச் சொன்னது. சாரத்தைப் பிரித்து, நீலத் தார்ப்பாயைப் போட்டுப் பெண்ணை மூடிக் கயிற்றால் கட்டினார்கள்.

டேவிஸ் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தான். அமேயா அழுதாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் பிரேமஜாவைப் பார்த்து, "பேப்பர்ல உன் போட்டோ நல்லா வந்திருந்துச்சு, பிரேமீ" என்றான். குத்தலா, நிஜமா, அவள் எத்தனையோ முறை அந்தக் குரலை நினைவில் புரட்டிப் பார்த்தாள். பிடிபடவில்லை.

சுரேந்திரன் சண்டை போடவில்லை. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கேட்டார், "உனக்குப் பிடிக்கலேன்னா அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நான் பொய் சொல்லல, சுரேந்திரேட்டா."

"பொய்னு நான் சொன்னேனா?"

அதற்குப் பிறகு அவர் காலையில் பத்திரிகையைத் தனியாகவே படித்தார்.

வைகாசி பாதியில், இடவப்பாதி மழை வந்தது. வடக்கேகடவில் மழை என்றால் கடலும் வானமும் ஒரே சாம்பலாகிவிடும். தார்ப்பாய் காற்றில் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளி பஸ்ஸில் பிள்ளைகள், "அதோ நீலச் சேலைக்காரி" என்று கை காட்டுவார்கள். பிரேமஜா வலதுபக்கம் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் படபடப்பு காதில் விழுந்துகொண்டே இருந்தது. வெற்றிபெற்ற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். பாதி சாப்பாட்டில் எழுந்த மாதிரி இருந்தது.

மழை சற்று வெளுத்தபோது நளினாக்ஷி வீட்டுக்கு வந்தார். ஓணத்துக்குள் சிலையைத் திறந்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த தேர்தலில் இந்தத் தார்ப்பாயைத்தான் எல்லோரும் கொடியாகப் பிடிப்பார்கள் என்றார். பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சரே, நீங்க ஒரு முகம் வெச்சு, இடுப்புலயிருந்து ஒரு துணிய மாதிரி சிமெண்ட்ல இழுத்து விட்டுடுங்க. நீங்க கை வெச்சா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க."

"டேவிஸ்கிட்டக் கேட்டீங்களா, நளினியேச்சி?"

"கேட்டேன். யார் வேணா முடிக்கட்டும்னுட்டார்."

பிரேமஜாவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியது. நல்ல துள்ளல் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவனுடைய பெண்ணுக்கு அவள் சேலை கட்டப் போகிறாள். அடிப்பாதத்திலிருந்து கொசுவம் வைத்து, மடிப்பு மடிப்பாக, அளவு பிசகாமல் அவள் சேலை கட்டிவிட்டால் அந்த மணல்மேடு அதோடு தீர்ந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கரண்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். தூறிக்கொண்டிருந்தது. கிழிந்த தார்ப்பாயை விலக்கி உள்ளே நுழைந்தால், வயிற்றுக்குகையில் நாலைந்து மீன்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கூடைகளைத் தொடையோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருத்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். ஜானு என்ற பெரிய உடம்புக்காரி அந்த சிமெண்ட் வயிற்றில் முதுகைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மழை தொடங்கியதிலிருந்து காலை ஏலம் முடிந்து பஸ் வருகிறவரைக்கும் அவர்களுக்கு இதுதான் இடமாம். முன்பெல்லாம் ஐஸ் கம்பெனி சுவரோரம் நனைந்துகொண்டு நிற்பார்களாம்.

வெற்றிலைக்காரி கேட்டாள், "டீச்சரே, இவளுக்குத் துணி கட்டப் போறீங்களாமே?"

"அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

ஜானு கண்ணைத் திறக்காமலே, "இவளுக்கு எதுக்கு? மழைக்கு இவதான் எங்களுக்குத் துணி" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளே தொடர்ந்தாள், "ஒரு மூஞ்சி மட்டும் வெச்சுக் குடுங்க. தெனம் இவ மடியில உக்காந்து பேசறோம். யார்கிட்டப் பேசறோம்னு தெரிய வேணாமா?"

பிரேமஜா ஏணி வைத்துத் தோளில் ஏறினாள். பழைய பழக்கம், தப்புகளைத் தேடினாள். இருந்தன. தோள் ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. இடுப்பு தேவைக்கு மேல் நீளம். முதுகுத்தண்டு எந்த மனிதப் பிறவிக்கும் அப்படி வளையாது. நாடாவை விரித்தவள், அங்கிருந்தே கீழே பார்த்தாள். அந்தத் தோள் அங்கே முன்னால் வந்ததால்தான் சாரல் உள்ளே அடிக்கவில்லை. அந்த இடுப்பு நீண்டதால்தான் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் இடம் இருந்தது. அவன் இதையெல்லாம் யோசித்துச் செய்தானா, கை போன போக்கில் செய்தானா, தெரியாது. அவனைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது. அவளுக்கு நடக்கவே நடக்காத ஒன்று அவனுக்குத் தூங்கி எழுந்து வந்தால் நடந்துவிடுகிறது. ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து பிரேமஜா அழுதாள். இரக்கத்தில் அழவில்லை, பச்சாதாபத்திலும் அழவில்லை. பொறாமையில் அழுதாள். கீழே இருந்தவர்கள் மழை என்று நினைத்துக் கூடையை நகர்த்திக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போய் டேவிஸுக்குப் போன் செய்தாள்.

"டேவிஸே, முகம் நான் வைக்கட்டுமா?"

"வை. மூணு தடவ வெச்சுப் பாத்தேன், மூணும் எங்க அம்மச்சி மாதிரி முறைக்குது. துணி?"

"போடல."

"அப்ப சரி."

அவள் போனை வைக்கவில்லை. "உனக்கு என்மேல கோவமே வரலியா?"

"வராம? நெறய இருக்கு. நீ முதல்ல முகத்த முடி. அப்புறம் ஒருநாள் நல்லாச் சண்ட போடலாம்" என்றான்.

நளினாக்ஷியிடம், முகம் முதலில், துணி கடைசியில் என்று சொல்லி வைத்தாள். டேவிஸின் திட்டத்தில் அந்தப் பெண் கடலைப் பார்த்திருந்தாள். பிரேமஜா கழுத்துக் கம்பியை வெட்டி, தலையைச் சற்றுக் குனியவைத்து, மடியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்படி திருப்பினாள். போட்டோ ஒன்றும் பார்க்கவில்லை. வெறும் கையோடு சாந்தை அப்பினாள். ஜானுவின் தாடை வந்தது, வேறு யாருடைய மூக்கோ வந்தது, சுரேந்திரன் கோபத்தை அடக்கும்போது உதட்டோரம் விழும் மடிப்பு வந்தது. ஒரு புருவம் ஏறிப்போயிற்று. இறக்கிச் சரிசெய்யக் கரண்டியைத் தூக்கினாள். கீழேயிருந்து ஒரு மீன்காரி, "ஐயோ, அதத் தொடாதீங்க, இப்பத்தான் ஏதோ கேக்க வர்ற மாதிரி இருக்கா" என்றாள். பிரேமஜா விட்டுவிட்டாள்.

தலை குனிந்ததும் உடம்பே வேறாகிவிட்டது. யாருக்கோ தன்னைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தவள் இப்போது யாரையோ பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மனுக் கொடுத்த பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். துணியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

ஓணத்துக்கு முன்னால் திறப்புவிழா நடந்தது. பிரேமஜா பொன்கரைக் கசவுச் சேலை கட்டி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டேவிஸ் பேச எழுந்தான். அவனுக்கு மேடைப் பேச்சு வராது. நகரசபைக்கு நன்றி சொன்னான், கம்பி கட்டிய ஆட்களைப் பெயர் பெயராகச் சொன்னான், சுரேந்திரேட்டனின் கல்லுமக்காயைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான், மீன்காரிகளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தான். பிரேமஜா கையை மடியில் கோர்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். கல்வெட்டில் சிற்பி டேவிஸ் என்று ஏற்கெனவே பொறித்திருந்தது.

விழா முடிந்ததும் டேவிஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தான். "பிரேமீ, உன் பேரு... வாயில இருந்துச்சு. அந்த மைக்கப் பாத்ததும் போயிடுச்சு."

"பரவால்ல."

"சத்தியமா மறந்துட்டேன்."

அவள் நம்பினாள். அதுதான் தாங்கவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தால் அவள் செய்ததற்கு அவன் செய்தது சரியாகப் போயிருக்கும், இரண்டு பேரும் சமமாகியிருப்பார்கள். நிருபர் முன்னால் அவள் அத்தனை யோசித்து வீசினாள். அவனுக்கு அவளைக் காயப்படுத்த யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அந்த முகம் ஊரெங்கும் போயிற்று. பத்திரிகையில், காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில்கூட. பஸ்ஸில் இரண்டு பெண்கள், டேவிஸ் என்று ஒருவர் செய்த அந்த முகத்தைப் பார்த்தாயா, அம்மாவே பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று பேசிக்கொண்டு போனதைப் பிரேமஜா அடுத்த சீட்டில் உட்கார்ந்து கேட்டாள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேரிடம், முகம் நான் வைத்தது என்று சொல்லிப் பார்த்தாள். பாவம் டீச்சர் என்பதுபோல அவர்கள் தலையாட்டினார்கள். அதோடு சொல்வதை விட்டாள். சுரேந்திரன் மட்டும் யார் வீட்டுக்கு வந்தாலும் சொன்னார். பாடுவதையும் திரும்ப ஆரம்பித்திருந்தார்.

இரண்டு வருடம் அவள் ஒன்றும் செய்யவில்லை. வாசகசாலைக்காரர்கள் வந்து கேட்டால் உடம்பு சரியில்லை என்றாள்.

பிறகு குஞ்ஞம்பு நெஞ்சுச் சளியோடு தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஒரு மழைக்காலம் முழுக்கப் பிரேமஜா அவருக்குத் துணைக்கு இருந்தாள். அங்கே வார்டுக்குள் துணையாட்களை எந்நேரமும் விடமாட்டார்கள். வெளியே வராந்தாவில் பிளாஸ்க்கும் தலையணை மூட்டையும் தூக்குச்சட்டியுமாக ஒரு ஜனக்கூட்டம் எப்போதும் காத்திருக்கும். ஒருவர் பேரை ஒருவர் தெரிந்துகொள்ளாமலே ஒருவர் மாத்திரைச் சீட்டை ஒருவர் வைத்துக்கொண்டிருப்பார்கள். அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அவளுக்குத்தான் அந்த வராந்தாவை விட்டு வர முடியவில்லை.

ஆஸ்பத்திரி வளர்ச்சிக் கமிட்டியில் போய்க் கேட்டாள். முன்வாசலுக்குப் பக்கத்தில் மரத்தடியில் ஒரு நீள பெஞ்சு கட்டித் தருகிறேன், உட்கார ஆட்களும் நானே செய்து வைக்கிறேன் என்றாள். மாதிரி கேட்டார்கள். மாதிரி இல்லை என்றாள். டீச்சர் மேல் இருந்த மரியாதையில் சம்மதித்தார்கள்.

கோடை விடுமுறை பூராவும் வேலை நடந்தது. பெஞ்சில் இடைவெளி விட்டு விட்டு ஐந்து சிமெண்ட் ஆட்கள். பிளாஸ்க் மூடியைத் திருகத் தொடங்கி மறந்துபோன ஒருத்தி. செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர். யாரோ பெயர் கூப்பிட்ட மாதிரி பாதி எழுந்துகொண்டிருக்கும் ஒருவர். மூட்டைமேல் சாய்ந்த ஒரு புதுப்பெண். கடைசியில், எங்கேயும் பார்க்காமல் வெறுமனே இருக்கும் ஒரு ஆள். அவளுக்கு அளவு நாடா எங்கே வைத்தோம் என்பதே மறந்துவிட்டது.

திறப்புவிழா எதுவும் நடக்கவில்லை. மூடியிருந்த ஈரச் சாக்கை எடுத்த அன்றே நடுவிலிருந்த இடங்களில் ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பையைத் தூக்கிச் சிமெண்ட் பெரியவரின் மடியில் வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனார்கள். ஒருநாள் ஒரு காசர்கோட்டுக்காரர் மூட்டைமேல் சாய்ந்த பெண்ணின் தோளில் தலை வைத்துத் தூங்கியே போனார். மழை தொடங்கியதும் யாரோ பிளாஸ்க்காரியின் தலையில் ஒரு துவர்த்துத் துண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

டேவிஸ் பார்க்க வந்தான். ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லித்தான் வந்தான். ரயிலிலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். பிரேமஜா கூடப் போனாள்.

மரத்தடியில் அவன் பேச்சு நின்றது. ஒருமுறை சுற்றி வந்தான். தள்ளிப் போய்ப் பார்த்தான். கிட்டே வந்தான். பாதி எழுந்துகொண்டிருக்கும் ஆளுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தான். அந்த ஆளின் முட்டியைக் கையால் தடவினான். இந்தப் பக்கம் ஒரு உயிருள்ள கிழவி உட்கார்ந்திருந்தாள், அவனிடம் மருந்துக்கடை எங்கே என்று கேட்டாள். அவனுக்குக் காதில் விழவில்லை.

"இது எப்படி வந்துச்சு உனக்கு?" என்றான், அந்த ஆளைக் காட்டி.

"தெரியல, டேவிஸே."

"நல்லா இருக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். முகம் கறுத்திருந்தது. தாடையை இறுக்கிக்கொண்டு, சிரிக்க முயன்று, முடியாமல் மரத்தைப் பார்த்தான். பிரேமஜா அந்த முகத்தை எத்தனையோ வருடம் உள்ளிருந்து அனுபவித்தவள். அது என்னவென்று அவளுக்கு யாரும் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதே, கோவாவில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது, சாயங்கால வண்டிக்கே கிளம்ப வேண்டும் என்றான். சுரேந்திரனுக்கு மனத்தாங்கல். அமேயா கல்லூரியிலிருந்து வெள்ளிக்கிழமை வருவாள், அதுவரைக்குமாவது இரு என்று சொல்லிப் பார்த்தார். டேவிஸ் மீனை அளைந்துகொண்டே இருந்தான்.

ஸ்டேஷனுக்குப் பிரேமஜாவே கொண்டுபோய் விட்டாள். வண்டி வந்ததும் பையை உள்ளே எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"பிரேமீ, ஒரு பத்து நாளைக்கு எனக்குப் போன் பண்ணாத."

"சரி."

"கோவம் ஒண்ணும் இல்ல."

"தெரியும்" என்றாள்.

வண்டி நகர்ந்தது. வழக்கமாகப் படியில் நின்று கையாட்டுகிறவன் உள்ளே போய்விட்டான். வீடு திரும்பியதும் சுரேந்திரன், "என்ன ஆச்சு அவனுக்கு?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகல, தல வலிக்குதாம்" என்றாள். அவன் பாதியில் விட்டுப்போன மீனையும் தட்டில் போட்டுக்கொண்டு, சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சுரேந்திரன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டே பரிமாறினார்.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று. அவள் போன் செய்யவில்லை. ஒருநாள் காலைப் பத்திரிகையில் கோவாவின் ஆற்றங்கரை ஒன்றில் டேவிஸ் செய்து வைத்த புது வேலையின் படம் வந்திருந்தது. தண்ணீருக்குள் பாதி இறங்கி நிற்கும் ஒரு படிக்கட்டு, ஒவ்வொரு படியிலும் ஒரு பாதம், ஆட்கள் இல்லை. சுரேந்திரன் விரித்துக் காட்டினார். பிரேமஜா பார்த்தாள். அடிவயிற்றில் சுரீர் என்றது. பத்திரிகையை அவர் கையிலிருந்து வாங்கி, தப்பு தேடாமல், முழுக்கப் படித்தாள். பிறகு அவனைப் போனில் கூப்பிட்டு, அந்த மூன்றாவது படியில் இருக்கும் பாதம் யாருடையது என்று கேட்டாள்.